தங்கச்சிக்கு நறுவிலிக்குளத்திலிருந்து

நறுவிலிக்குளம்,
மன்னார்.
மாசி மாதம்

அன்பின் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகம் விசாரிப்பதெல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் நீ கேட்டிருக்கும் கேள்விக்குப் போனில் பதில் சொல்ல மனம் வரவில்லை. "மன்னார் ரவுணில் நல்ல விடுதிகள் இருக்காம். ஒரு அறை எடுத்துக்கொண்டு பஸ்ஸில போய்ப் படிப்பிச்சுப்போட்டு வரலாம்தானே அக்கா? இந்த வயதில, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின்ர வீட்டுக்குள்ள ஏன் போய் இருக்கிறாய்?" என்று எழுதியிருக்கிறாய். அடுத்த தவணைக்கு நீயும் என்னைப்போல் தொண்டராய் ஆங்கிலம் படிப்பிக்க வர யோசிக்கிறாய் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாய் வாசி.

மன்னார் என்றதும் உனக்குத் தீவும் தலைமன்னார்ப் பியரும் தெருவில் திரியும் கழுதைகளும் பள்ளிமுனைப் பெருக்கமரமும்தான் ஞாபகம் வரும். இந்த ஊர் தீவில் இல்லை. பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கு வந்து வங்காலைப் பக்கம் திரும்பவேண்டும். ஒரு பக்கம் போனால் கடல், மற்றப் பக்கம் நானாட்டான் வயல்வெளி. தேக்கம் அணைக்கட்டில் அருவியாற்றை மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்கு அனுப்பும் தண்ணீரில்தான் இந்தப் பக்கத்து வயல்கள் விளைகின்றன. இப்போது காலபோக அறுவடை. வீட்டு முற்றத்தில் நெல் காய்கிறது, தெருவிலும் காய்கிறது. வங்காலைக் கடலோரத்துச் சதுப்பை 2008இல் பறவைகள் சரணாலயமாக்கினார்கள், 2010இல் ராம்சார் பட்டியலிலும் சேர்த்தார்கள். பூநாரைகள் கூட்டங்கூட்டமாய் நிற்கும். வெளிநாட்டுக்காரர் பெரிய கமராக்களோடு வந்து படம் எடுக்கிறார்கள். அந்தப் பறவைகளின் ஆங்கிலப் பெயர்களை என் வகுப்புப் பிள்ளைகள் இந்த மாதம் பாடமாக்கிவிட்டார்கள். வருகிற சுற்றுலாப் பயணிகளோடு தாங்களே பேசவேண்டும் என்று இரண்டு பெடியன்களுக்கு ஆசை.

இனி வீட்டுக்கு வருகிறேன். ஒரு தகப்பன், தாய், தகப்பனைப் பெற்ற ஆச்சி, பதினோராம் தரம் படிக்கும் மூத்தவள், இந்த வருடம் புலமைப்பரிசில் சோதனை எடுக்கப்போகும் சின்னவன். தகப்பன் வயல் செய்கிறார். தாயின் தமையன் வங்காலையில் கடலுக்குப் போகிறவர். மீன் அங்கிருந்து வரும். எனக்கு விட்டிருக்கும் அறை மூத்தவளுடையது. அவள் இப்போது ஆச்சியோடு படுக்கிறாள். தாய்க்கு நான் அக்கா. பள்ளிக்கூடத்தில் ரீச்சர் என்று கூப்பிடும் பிள்ளைகள் வீட்டுப் படலைக்குள் வந்ததும் பெரியம்மா என்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களே பிரித்துக்கொண்டார்கள்.

உன் கேள்விக்கு என் முதல் பதில் தண்ணீர்.

வளவுக் கிணற்றுத் தண்ணீர் உவர். குளிப்பதற்கும் உடுப்புத் தோய்ப்பதற்கும் அது காணும். குடிக்கவும் உலை வைக்கவும் நல்ல தண்ணீரை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். மூத்தவள் விடிய எழும்பி சைக்கிள் கரியரில் ஒரு கான், ஹான்டிலில் இன்னொன்று என்று கட்டிக்கொண்டு போவாள். வரிசை நீளமாய் இருந்தால் நின்றுதான் எடுக்கவேண்டும். கொண்டுவந்ததைத் தாய் மூன்றாய்ப் பிரிப்பாள். மண்பானைக்குக் கொஞ்சம், சோற்றுக்குக் கொஞ்சம், மிச்சம் பின்னேரத் தேத்தண்ணிக்கு. தேங்காய்ப்பூப் பிழிவதற்கும் அந்தத் தண்ணீர்தான். அரிசியை உவர்த் தண்ணீரில் இரண்டு தரம் கழுவிவிட்டு, கடைசிக் கழுவலை மட்டும் நல்ல தண்ணீரில் கழுவுவாள். கழுவிய தண்ணீர் ஆட்டுக்குப் போகும். ஒரு சொட்டு வீணாகாது. இதெல்லாம் முடிந்து மூத்தவள் தலை இழுத்து, இரட்டைப் பின்னல் பின்னி, வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு ஓடினால், ஏழரை மணிக்கு வாசலில் நிற்க முடிகிற நாளும் உண்டு, முடியாத நாளும் உண்டு.

நான் ரவுணில் அறை எடுத்திருந்தால் எனக்கு அவள் பிந்தி வருகிற பிள்ளை, முதல் பாடத்தில் கொட்டாவி விடுகிற பிள்ளை, அவ்வளவுதான். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகும் ஆசிரியருக்கு அந்தக் கானும் வரிசையும் எப்படித் தெரியவரும்? வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஏதோ ஒரு வேலையை முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒருவன் விடிய வாடிக்குப் போய் வலையில் மீன் தெரிந்துவிட்டு வருகிறான். அதனால் வாசிப்புப் பாடத்தை முதல் பாடத்தில் வைக்காமல் இடைவேளைக்குப் பிறகு மாற்றித் தரச்சொல்லி அதிபரைக் கேட்டேன். உடனே சம்மதித்தார். அந்த மாற்றத்தால் வந்த பலனை நான் கொண்டுபோன எந்தப் படப்புத்தகமும் தரவில்லை.

காசு விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் வருகிறவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இது. சாப்பாட்டுக் காசை வந்து இறங்கிய பிறகு பேசமுடியாது. ஒருநாள் அவர்கள் கையால் சாப்பிட்டுவிட்டால் பிறகு அவர்கள் வாயைத் திறந்து ஒரு தொகை சொல்லமாட்டார்கள். நீ நீட்டினாலும் வாங்கமாட்டார்கள். மனமும் நோகும். நான் வருவதற்கு முன்பே ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலம் மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டோம். மாதம் பிறந்ததும் தாயின் கையில் கொடுப்பேன். அவள் அதை மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுப்பாள். தகப்பனுக்கும் எனக்கும் நடுவில் காசுப் பேச்சே வருவதில்லை. அதற்கு மேலே ஏதாவது செய்ய ஆசை வந்தால் வீட்டுக்குப் பொதுவாய்ச் செய். ஒரு பிள்ளைக்கு மட்டும் விலைகூடிய போன் வாங்கிக் கொடுக்கிற வேலை வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் உன் வகுப்பில்தான் இருக்கும்.

சாப்பாடு உனக்குப் பிரச்சினை இல்லை. காலையில் புட்டும் சம்பலும், அல்லது இடியப்பமும் சொதியும். மத்தியானம் சோறு, மீன், முருங்கைக்கீரை. நான் வெள்ளிக்கிழமை மரக்கறி என்று முதல் வாரமே தாய் கண்டுபிடித்துவிட்டாள். "அக்கா, உங்களுக்கு வெள்ளி விரதமெண்டால் எங்களுக்கும் தவக்காலம் தானே, வெள்ளிக்கிழமை சுத்தபோசனம்" என்று சொல்லி, கத்தோலிக்கருக்கு மீன் விலக்கில்லை என்றாலும் வெள்ளியில் மீன் சட்டியையே அடுப்பில் ஏற்றுவதில்லை. சிவராத்திரிக்கு என்னைத் திருக்கேதீஸ்வரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது தகப்பன்தான். பாலாவிக் கரையில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

ஆச்சியைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமே வீண். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவ. இப்போது தவக்காலம் தொடங்கிவிட்டதால் பின்னேரங்களில் திண்ணையில் இருந்து வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு சொல்லிக்கொண்டிருக்கிறா. புத்தகம் மடியில் இருக்கும், கண் புத்தகத்தில் இராது. பக்கம் பக்கமாய் மனத்திலிருந்தே வருகிறது. அதை எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் தமிழரில்லை, கோவாவில் பிறந்த கொங்கணிக்காரர். 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழும் சிங்களமும் படித்து, இரண்டிலும் எழுதி, 1742இல் இந்த மண்ணிலேயே கண்மூடியவர். அவருக்கு முன் 1687இல் யோசே வாஸ் அடிகள் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். ஒல்லாந்தர் காலம் அது. கத்தோலிக்கக் குருவை வீட்டில் வைத்திருப்பதே தண்டனைக்குரிய குற்றம். அப்படியிருந்தும் சனம் அவர்களை வீட்டுக்குள் வைத்துச் சோறு போட்டு ஒளித்து வைத்தது. 2015 தை 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பின்னேரமே மடுவுக்கு வந்தார். ஆச்சி அன்றைக்கு மடுவில் நின்றவ. "எங்கட சனம் சோறு குடுத்துக் காப்பாத்தின ஆள் பிள்ளை அவர்" என்று சொல்லும்போது அவவின் குரலில் ஒரு உரிமை இருந்தது. பிற ஊரிலிருந்து படிப்பிக்க வந்த ஒரு ஆளைக் குடும்பம் வைத்துப் பராமரிப்பது இந்தப் பக்கத்தில் புதுப் பழக்கமில்லை. கொன்சால்வெஸ் சுவாமியார் அவ்வளவு தமிழையும் சனத்தின் நடுவில் இருந்துதானே கேட்டுப் படித்திருக்க வேண்டும்?

ஆச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் என் வகுப்புக்கு ஒரு வழி பிறந்தது. பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்துத் தெரியும், சொல் தெரியும், இலக்கணப் பயிற்சியைக் கொப்பியில் சரியாய்ச் செய்வார்கள். எழுப்பி ஒரு வசனம் சொல்லச் சொன்னால் தலை குனிந்துவிடும். மூன்றாம் தரத்திலிருந்து பாடமாய்ப் படிக்கிற மொழி, வாயில் வராது. ஆனால் இதே பிள்ளைகள் நாட்டுக்கூத்தில் இரவு முழுக்க மேடையில் நின்று பாடக்கூடியவர்கள். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று மன்னாரில் கூத்துக்கு இரண்டு வழி உண்டு. கோயில் திருநாள்களுக்கு ஆடுவார்கள். அண்ணாவியார் ஒரு அடியைப் பாடுவார், பின்னால் நிற்பவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் அப்படியே முழுப் பாத்திரமும் பாடமாகிவிடும்.

வீட்டுக்கு வந்து போகும் ஒரு வயதான அண்ணாவியாரைக் கேட்டேன், அவர் ஒருநாள் வகுப்புக்கு வந்தார். மீன் வாங்குகிற காட்சி ஒன்றை நானும் பாடசாலை ஆங்கில ரீச்சரும் சின்னச் சின்ன வசனங்களாய் எழுதினோம். விலை கேட்பது, குறைக்கச் சொல்வது, மாட்டேன் என்பது. அவர் அதற்கு ஒரு மெட்டுப் போட்டார். ஒருத்தி கேட்க, முழு வகுப்பும் திருப்பிச் சொல்ல, அடுத்தவன் பதில் சொல்ல. முதல் நாள் சத்தம் மட்டும்தான் வந்தது, சொல் தெளியவில்லை. நாலைந்து வகுப்புக்குப் பிறகு மெட்டை மெல்ல எடுத்துவிட்டோம், வசனம் நாக்கில் தங்கிவிட்டது. ஒரு தடவைகூட வாய் திறந்திராத ஒரு பெடியன் மீன்காரனாய் நின்று, எழுதிக் கொடுக்காத ஒரு வசனத்தைத் தானாய்ச் சேர்த்தான். நேற்று வந்த மீன் இல்லை, இன்று வந்தது என்று! இறந்தகாலமும் நிகழ்காலமும் சரியாய் விழுந்தன. ஆங்கில ரீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டா. கனடாவில் இத்தனை வருடம் குடியேறிய பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தும் எனக்கு இப்படி ஒரு வழி தெரியாது. ஆச்சியின் திண்ணையில் இருந்திராவிட்டால் தெரிந்துமிராது.

தகப்பனைப் பற்றி ஒரு விஷயம். வெளியாள் ஒருவரை வைத்திருக்க ஏன் சம்மதித்தார் என்று நான் கேட்கவில்லை. நெல் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அவராய்ச் சொன்னார். 1990இல் சண்டை மூண்டபோது சின்னப் பெடியனாய்த் தாயோடு வள்ளத்தில் இராமேசுவரம் பக்கம் போய் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு வேறு முகாமுக்குப் போனவர். அங்கே மாலை வகுப்பு நடத்தினவர்களும் அகதிகள்தான். சந்திரகாசன் என்பவர் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் அப்படிப் படிப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. "எனக்குக் கணக்குச் சொல்லித்தந்த அண்ணைக்கு அடுத்த வேளைச் சாப்பாடு எங்க எண்டு தெரியாது. எங்கட கொட்டிலில வந்து எங்களோட கஞ்சி குடிப்பார், பிறகு எங்களை இருத்திப் படிப்பிப்பார்" என்றார். மூட்டையின் வாயைத் தைத்து முடித்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். நானும் மேலே கேட்கவில்லை.

இந்த வீடு அதற்குப் பிறகும் ஆட்களை வைத்திருந்திருக்கிறது. 2007இல் முசலிப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து நானாட்டான், முருங்கன் பக்கமெல்லாம் வந்தபோது திண்ணையிலும் மாமர நிழலிலும் குடும்பங்கள் இருந்தனவாம். உலை ஒன்று, சாப்பிடுகிற வாய் பல.

இன்னொன்றும் உன் மனத்தில் பதியவேண்டும். வெளிநாட்டிலிருந்து தொண்டராய் வருகிற நமக்கு மாலை போடுகிறார்கள், கூட்டத்தில் முன்வரிசைக் கதிரை தருகிறார்கள். பாடசாலையில் என்னோடு வேலை செய்யும் ஒரு ரீச்சர், சண்டைக் காலத்தில் மர நிழலிலும் கொட்டிலிலும் சம்பளமில்லாமல் படிப்பித்த தொண்டர் ஆசிரியை. வடக்கில் அப்படிப் பலர் வருடக்கணக்காய்ப் படிப்பித்தார்கள். சண்டை முடிந்தபின் நிரந்தர நியமனம் கேட்டுத் தெருவில் இறங்கவேண்டி வந்தது. சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு வயது கடந்துவிட்டது. மாலையும் முன்வரிசைக் கதிரையும் அவர்களுக்குச் சேரவேண்டியவை. அதை நினைத்துக்கொண்டால் இங்கே எந்த இடத்தில் நிற்பது என்று தெரிந்துவிடும். வகுப்பை அவர்களிடமிருந்து பறிக்காமல் அவர்களுக்குப் பக்கத்தில் நில். நான் தனியாய் ஒரு வகுப்பும் எடுப்பதில்லை. ஆங்கில ரீச்சரும் நானும் சேர்ந்துதான் நிற்கிறோம். நான் போனபிறகும் அந்த மீன் சந்தைக் கூத்து நடக்கவேண்டும் என்றால் அது அவவுடையதாய் இருக்கவேண்டும்.

வீட்டுக்காரரோடு இருந்து படிப்பிப்பது என்று சொன்னேனே, கியூபாவில் 1961இல் நடந்த எழுத்தறிவு இயக்கத்தைப் பற்றி நீ ஒருமுறை வாசித்துச் சொன்னது ஞாபகமா? ஒரு லட்சம் இளம் பிள்ளைகள் அளவில் பட்டணங்களை விட்டு மலைக்கும் கிராமத்துக்கும் போனார்கள். ஆளுக்கு ஒரு தூங்குவலை, ஒரு விளக்கு, பாடப்புத்தகம். குடியானவர் வீடுகளிலேயே தங்கினார்கள். பகலில் வீட்டுக்காரரோடு வயலில் வேலை, இரவில் விளக்கைக் கொளுத்தி அதே வீட்டுக்காரருக்கு எழுத்து. எழுதப்படிக்கத் தெரியாதவர் நூற்றுக்கு 23 பேராய் இருந்தது ஒரே வருடத்தில் 4 பேர் அளவுக்கு இறங்கியது. அரசியலை விடு. பகலில் தன்னோடு கரும்பு வெட்டிய பிள்ளை சொல்லித்தரும் எழுத்தைப் படிக்க ஒரு கிழவனுக்கு வெட்கமிருக்காது. அதுதான் அந்த இயக்கத்தின் உயிர் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே நீ வருவதென்றால் ஒரு முழுத் தவணைக்கு வா. இரண்டு கிழமை லீவில் வந்து படமெடுத்துக்கொண்டு போவதற்கு வேண்டாம். பிள்ளைகள் ஒரு முகத்துக்குப் பழகி, பெயர் சொல்லி, வாய் திறக்கத் தொடங்கும்போது அந்த ஆள் போய்விடும். அடுத்த ஆள் வந்து மறுபடியும் உன் பெயர் என்ன என்று தொடங்கும். இங்கே சில பிள்ளைகள் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நல்ல ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள், ஏனென்று யோசித்துப் பார்.

வருவதற்கு முன் செய்யவேண்டியவை: சுற்றுலா விசாவில் வந்து வகுப்புக்குள் நிற்கிற யோசனையே வேண்டாம். வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியை எழுத்தில் எடுத்துவிட்டு, அதற்குரிய விசாவுக்குப் போடு. உடுப்பு எல்லாம் பருத்தியாய்க் கொண்டுவா. நீ வருகிற காலத்தில் சோளகம் வீசும், புழுதி கண்ணைக் கெடுக்கும், வெயிலும் கடுமை. பாடசாலைக்குச் சேலை இங்கேயே வாங்கலாம். பெரிய எழுத்தில் அச்சிட்ட எளிய கதைப் புத்தகங்கள் கொண்டுவா, ஒரே புத்தகத்தில் பல பிரதிகள் என்றால் நல்லது. சொக்கிலேற் குறை. ஆச்சிக்கு வாசிப்புக் கண்ணாடி ஒன்று வேண்டும். புத்தகம் அவவுக்குத் தேவையில்லாவிட்டாலும் அரிசியில் கல் பொறுக்கத் தேவையாம். அளவை மன்னார் ஆஸ்பத்திரியில் பார்த்து அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன்.

இந்த வீட்டிலேயே நீயும் இருக்கலாமா என்று தாயிடம் கேட்டேன். "உங்கட தங்கச்சி எங்களுக்கும் ஆள்தானே, ஆனா அந்த நேரம் மூத்தவளுக்குச் சோதனை கிட்ட வந்திடும், அறை அவளுக்கு வேணும்" என்றாள். அவள் சொன்னது நியாயம். மூத்தவளுக்குச் சாதாரண தரப் பரீட்சை பெரிய விஷயம், அவளுக்குத் தனியாய் ஒரு மேசையும் கதவும் வேண்டும். பக்கத்தில் அவளின் சின்னம்மா வீட்டில் முன்னறை ஒன்று இருக்கிறது. நான் போய்ப் பார்த்துவிட்டேன். காற்றோட்டம் உண்டு, கூரை ஓடு, கிணறு கிட்ட. குடிதண்ணீர் நிலைமை இங்கே போலத்தான். சாப்பாட்டுக் காசையும் அதே பெரியவர் மூலம் பேசலாம். அதிபர் பங்குனி முடிவதற்குள் அடுத்த தவணைக்கு ஆள் உண்டா இல்லையா என்று வலயத்துக்கு அறிவிக்கவேண்டுமாம். வீட்டாரோடு கலந்து பேசி, வருகிறாயா இல்லையா என்று அதற்கு முன் எனக்குத் திட்டமாய் எழுது.

அன்புடன்,
அக்கா